எம்.சி.பி. அறியாத தீ

பேருந்து நிலைய வாசலில் எண்பது ரூபாய்க்கு வாங்கிய சார்ஜரும் போனை நன்றாகவே சார்ஜ் செய்கிறது. அதைக் கண்ணால் பார்த்த பிறகு, எண்ணூறு ரூபாய் கொடுத்துக் கம்பெனி சார்ஜர் வாங்குகிறவரைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும். இரண்டும் செய்வது ஒரே வேலைதானே? ஒரே வேலைதான். எல்லாப் பாகங்களும் ஒழுங்காக இருக்கும்வரை பெரிய வித்தியாசம் தெரியாது. உள்ளே ஏதாவது ஒன்று பழுதாகும் நாளில்தான் தெரியும். விலை வித்தியாசத்தில் விளம்பரத்துக்கும் லாபத்துக்கும் போகிற பங்கைக் கழித்துவிட்டால், மிச்சம் அந்த ஒரு நாளுக்காகச் செய்த செலவு. வாங்குகிறவர் கண்ணில் அது படாது. அதனால் விலையைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவைப்பதும் அதில்தான்.

2016-ல் பிரிட்டனின் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் அமைப்பு ஒரு சோதனை நடத்தியது. எட்டு நாடுகளின் இணையக் கடைகளிலிருந்து 400 போலி ஆப்பிள் சார்ஜர்களை வாங்கி, யு.எல். என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனத்திடம் கொடுத்தது. போன் சார்ஜ் ஆகிறதா என்பது அங்கே கேள்வி அல்ல. மின் அதிர்ச்சியிலிருந்து காக்கும் அளவுக்கு உள்ளே காப்பு இருக்கிறதா என்பதே கேள்வி. 400-ல் தேறியவை மூன்று.

இந்தச் சந்தை இன்னும் பெரிதாகக் காரணமும் உண்டு. 2020-ல் ஐபோன் 12 வந்தபோது பெட்டிக்குள் சார்ஜர் இல்லை. சுற்றுச்சூழலைக் காப்பதற்காக என்றார்கள். அடுத்த ஆண்டே சாம்சங்கும் தன் விலையுயர்ந்த போன்களில் அதே வழியில் போனது. போனோடு இனாமாக வந்த பொருள், கடையில் பேரம் பேசி வாங்கும் பொருளாகிவிட்டது.

சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். 230 என்பது ஒருவகைச் சராசரி. அலையின் உச்சியில் அது 325 வோல்ட்டைத் தொடும். போனுக்கு வேண்டியதோ 5 வோல்ட் நேர்மின்சாரம். வேகமாக ஏற்றும் சார்ஜர்களில் 9, 12, 20 வரை போகும். டிரான்சிஸ்டர் ரேடியோவில் பேட்டரிக்குப் பதில் எலிமினேட்டர் மாட்டிய தலைமுறைக்கு அதன் கனம் நினைவிருக்கும். உள்ளே இரும்புத் தகடுகளை அடுக்கிய டிரான்ஸ்ஃபார்மர். நொடிக்கு 50 சுழற்சி கொண்ட மின்சாரத்தைக் குறைக்க அவ்வளவு இரும்பு தேவைப்பட்டது. இன்றைய சார்ஜர் வேறு வழியில் போகிறது. வருகிற மின்சாரத்தை டயோடுகள் வழியே நேர்மின்சாரமாக்கி, 400 வோல்ட் தாங்கும் மின்தேக்கியில் சுமார் 325 வோல்ட்டாக நிரப்பி வைக்கிறது. ஒரு டிரான்சிஸ்டர் அதை நொடிக்குப் பல பத்தாயிரம் முறை விட்டுவிட்டு அனுப்புகிறது. இந்த வேகத்துக்கு டிரான்ஸ்ஃபார்மர் மிகச் சிறியதாக இருந்தாலே போதும். சார்ஜர் உள்ளங்கைக்குள் அடங்குவது இப்படித்தான்.

அடங்கியதில் ஒரு வம்பும் சேர்ந்து வந்தது. 325 வோல்ட்டும், நம் விரல் படும் யு.எஸ்.பி. முனையும் ஒரே சின்னப் பெட்டிக்குள் குடியிருக்கின்றன. நல்ல சார்ஜரின் போர்டைத் திருப்பிப் பார்த்தால் குறுக்கே செம்பே இல்லாத ஒரு வெற்றுப் பட்டை ஓடும். அகலம் ஐந்தாறு மில்லிமீட்டர் இருக்கும். ஒருபுறம் சுவர் மின்சாரம், மறுபுறம் போன். இடம் போதாத இடத்தில் போர்டையே அறுத்து இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த எல்லையைத் தாண்டி நிற்க மூன்று பாகங்களுக்குத்தான் அனுமதி: டிரான்ஸ்ஃபார்மர், வெளிச்சத்தின் மூலம் சேதி அனுப்பும் ஆப்டோகப்ளர், ‘ஒய்’ வகை மின்தேக்கி.

செத்துப்போன ஒரு பெயரில்லாச் சார்ஜரை ஸ்குரூடிரைவரால் நெம்பித் திறந்து பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் செம்பு பூசிய பழுப்பு நிற அட்டை போர்டு. கண்ணாடி இழை போர்டைவிட இது எளிதில் கருகும்; கருகிய இடம் கரியாகி, அந்தக் கரியே மின்சாரத்துக்குப் பாதையாகிவிடும். நான்கு டயோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. ரேடியோ மெக்கானிக்குகளுக்கு நன்கு பழக்கமான, 13001 என்று பொறித்த சில ரூபாய் டிரான்சிஸ்டர். ஃபியூஸ் இல்லை. ஆப்டோகப்ளர் இல்லை. எல்லைக்குக் குறுக்கே, எந்தப் பாதுகாப்பு முத்திரையும் இல்லாத சாதாரண நீல வட்டு மின்தேக்கி. சுவரில் செருகும் பின்கள் போர்டோடு சால்டர் வைத்து இணைக்கப்படவில்லை. வளைந்த இரண்டு தகடுகள் அவற்றை உரசிக்கொண்டு நின்றன. டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்தபோது மஞ்சள் டேப் ஒரே ஒரு சுற்று. அதற்குக் கீழே சுவர் மின்சாரம் ஓடும் கம்பி, மேலே போனுக்குப் போகும் கம்பி. இரண்டும் வெறும் எனாமல் பூச்சுக் கம்பிகள். தரமான டிரான்ஸ்ஃபார்மரில் போனுக்குப் போகும் சுற்றுக்கு மூன்று அடுக்கு உறை போட்ட கம்பியைப் பயன்படுத்துவார்கள். ஓர் அடுக்கு கீறிக்கொண்டாலும் மற்ற இரண்டும் தாங்கும்.

அந்த ‘ஒய்’ மின்தேக்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெறுங்காலோடு மொசைக் தரையில் நின்றுகொண்டு, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் உலோக போனைப் புறங்கையால் தடவினால் லேசாக அதிர்கிற மாதிரி இருக்கும். பலரும் இதைச் சார்ஜரின் கோளாறு என்று நினைக்கிறார்கள். நல்ல சார்ஜரிலும் இது வரும். வானொலி இரைச்சலைக் குறைப்பதற்காக அந்த மின்தேக்கி இரு பக்கங்களையும் இணைக்கிறது. 2.2 நானோஃபாரட் அளவுள்ளது என்றால் அதன் வழியே கசிவது 0.16 மில்லி ஆம்பியர். தொட்டால் தெரியலாம், ஆளை ஒன்றும் செய்யாது. கேள்வி அது பழுதானால் என்ன ஆகும் என்பது. ‘ஒய்’ வகை மின்தேக்கிகளை, கெட்டுப்போனால் இணைப்பு அறுபடும் விதமாக வடிவமைத்துச் சோதிக்கிறார்கள். நீல வட்டுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அது உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டால் சுவர் மின்சாரம் நேரே யு.எஸ்.பி. முனைக்கு வந்துவிடும். லேசான அதிர்வு ஒருநாள் ‘சுரீர்’ என்று ஷாக்காக மாறினால், அந்தச் சார்ஜருக்கு அதுதான் கடைசி நாளாக இருக்க வேண்டும்.

எல்லையின் வலிமையைச் சோதிக்க ஆய்வகத்தில் ஒரு நிமிடத்துக்கு 3,000 வோல்ட் கொடுக்கிறார்கள். 230 வோல்ட் வீட்டுக்கு எதற்கு 3,000 என்று தோன்றலாம். நம் ஊரில் இருப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். மழைக்காலத்தில் எங்கோ இடி விழும்போது கம்பி வழியே நொடியில் சிறு பங்கு நேரம் ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடி வரும். தெருக்கம்பத்தில் நியூட்ரல் கட்டானால் 230 வர வேண்டிய வீட்டுக்கு 400 வரை வரும். தெருவில் பாதி வீடுகளில் டி.வி.யும் ஃபிரிட்ஜும் போய்விட்டதாகப் புகார் எழுவது அப்படிப்பட்ட நாளில்தான். அப்போது மின்தேக்கியில் நிரம்புவது 560 வோல்ட்டைத் தாண்டும். அது தாங்கக்கூடியதோ 400. ‘டப்’ என்று வெடிக்கும். ஃபியூஸ் உள்ள சார்ஜர் அத்தோடு செத்துவிடும். இல்லாதது எரியத் தொடங்கலாம்.

எல்லை உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டிலும் உள்நாட்டிலும் சாட்சி உண்டு. 2013 ஜூலையில் சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில், சார்ஜில் இருந்த ஐபோனை எடுத்துப் பேசிய இளம்பெண் மின்சாரம் தாக்கி இறந்ததாகச் செய்தி வந்தது. போலிச் சார்ஜர் மீது சந்தேகம் விழுந்தது. அடுத்த மாதமே ஆப்பிள், சந்தேகத்துக்குரிய சார்ஜரைக் கொடுத்தால் 19 டாலர் சார்ஜரை 10 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. 2014-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ஹெட்ஃபோன் அணிந்தபடி இருந்த ஒரு பெண், காதிலும் மார்பிலும் தீக்காயங்களோடு இறந்து கிடந்தார். தரச்சான்று பெறாத மலிவு யு.எஸ்.பி. சார்ஜர்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று அந்த மாநில அரசு எச்சரித்தது. 2023-ல் கர்நாடகத்தின் கார்வார் பகுதியில், பிளக்கில் மாட்டியிருந்த சார்ஜர் கேபிளின் முனையை வாயில் வைத்த எட்டு மாதக் குழந்தை இறந்ததாகச் செய்தி வந்தது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் போனைக் கழற்றிய கையோடு சுவிட்சையும் அணைக்க வேண்டும். ஈரமான வாய் உலர்ந்த தோலைப் போல மின்சாரத்தைத் தடுக்காது.

ஷாக்குக்கு ஆர்.சி.சி.பி. என்ற காவல் உண்டு. 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் வழிதவறித் தரைக்குப் போனால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். வீட்டில் அது இல்லையென்றால், இந்தக் கட்டுரையின் மிச்சத்தைப் படிப்பதைவிட எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்வது முக்கியம்.

தீ வேறு கதை. வீட்டு மெயின் போர்டில் எம்.சி.பி. என்ற தானியங்கி சுவிட்ச் இருக்கிறது, ஏதாவது ஆனால் டிரிப் ஆகிவிடும் என்ற நம்பிக்கை எல்லோருக்கும் இருக்கிறது. எம்.சி.பி. காப்பது சுவருக்குள் ஓடும் வயரை. 10 ஆம்பியர் எம்.சி.பி. 2,300 வாட் வரை எதையும் கேள்வி கேட்காமல் விட்டுவிடும். இரண்டு கம்பிகள் நேருக்கு நேர் ஒட்டிக்கொண்டு நூறு ஆம்பியர் பாய்ந்தால் உடனே துண்டிக்கும், சரி. ஆனால் மூலையில் செருகிய ஒரு சார்ஜர் உள்ளுக்குள் கருகி 50 வாட் இழுத்துக்கொண்டிருந்தால் அது வெறும் 0.2 ஆம்பியர். எம்.சி.பி.யைப் பொறுத்தவரை, ஒரு மின்விசிறி ஓடுகிறது.

அந்த 50 வாட்டைக் குறைத்து எடைபோட வேண்டாம். சால்டரிங் அயர்னைப் பார்த்திருப்பீர்கள். 25 வாட்தான், அதன் முனை 300 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஈயத்தை உருக்குகிறது. வெப்பம் எவ்வளவு என்பதோடு, எவ்வளவு சிறிய இடத்தில் அடைபடுகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். தரமான சார்ஜரின் கூடு, தீயை எடுத்துவிட்டால் பத்து நொடிக்குள் தானாக அணைந்துவிடும் ரகப் பிளாஸ்டிக். மலிவான கூடு அணையாமல் உருகிச் சொட்டும். கீழே மெத்தை இருந்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

இதே கணக்குதான் மல்டி பிளக்கிலும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் நடக்கிறது. உண்மையில் வீடுகளில் நான் அதிகம் அஞ்சுவது இவற்றுக்குத்தான். 1,500 வாட் கெட்டில் ஏறக்குறைய 6.5 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டுக்கு அதுவே அதிகம். பின்னும் உள்ளே இருக்கும் தகடும் சரியாகக் கவ்வாமல் அந்த இடத்தில் ஒரே ஒரு ஓம் தடை ஏற்பட்டதாக வைத்துக்கொள்வோம். மின்னோட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்கினால் 42 வாட். ஒரு சாக்கெட் துளைக்குள் இரண்டு சால்டரிங் அயர்னுக்குக் கொஞ்சம் குறைவான வெப்பம். கெட்டிலுக்கோ 230-ல் ஆறேழு வோல்ட்தான் குறைகிறது. தண்ணீர் வழக்கம்போல் கொதிக்கிறது. வெப்பத்தில் தகட்டின் விறைப்புப் போய் இன்னும் தளரும், செம்பின் மேல் ஆக்சைடு படியும், தடை கூடும், சூடு கூடும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இந்த வேலையைச் சீக்கிரமே முடித்துக் கொடுக்கும்.

பின் தளர்வதற்கு நாமும் உதவுகிறோம். நம் 6 ஆம்பியர் சாக்கெட்டின் துளைகள் ஐந்து மில்லிமீட்டர் பின்னுக்கு அளவெடுத்தவை. சார்ஜர்களின் இரண்டு பின்கள் நான்கு மில்லிமீட்டர். நல்ல சாக்கெட்டில் இரண்டு அளவையும் கவ்வும்படி தகடு அமைந்திருக்கும். மலிவானதில் சார்ஜர் தலையாட்டும். போதாக்குறைக்கு, குழந்தைகளின் விரலைத் தடுக்க வைத்த ஷட்டரைத் திறக்க மேலே உள்ள எர்த் துளையில் பேனா ரீஃபிலை விட்டு நெம்பி, இரண்டு பின்னையும் திணிக்கிறோம். அடுத்து ஏ.சி. பாயிண்ட் பிளக்கை 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டித் தரும் கன்வெர்ட்டர் பிளக். 16 ஆம்பியர் பின்னைத் தடியாகச் செய்ததே அது சின்னத் துளைக்குள் போகக் கூடாது என்பதற்காக. அந்தத் தடையை முப்பது நாற்பது ரூபாய்க்குத் தாண்டிவிடுகிறோம்.

இந்த வகைத் தீ பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும். சாக்கெட் மேல் பழுப்பு வளையம். பிளக்கைப் பிடுங்கும்போது பின்னில் சூடு. சில நேரம் அறையில் மீன் கவுச்சி வாடை. சைவ வீட்டில் எங்கிருந்து வருகிறது என்று தேடுவார்கள். சில சுவிட்ச், சாக்கெட் பிளாஸ்டிக்குகள் அளவுக்கு மீறிச் சூடானால் இந்த வாடையைத்தான் விடும். அந்த வாடை வந்தால் முதலில் மெயினை அணைக்க வேண்டும். சமையலறையைத் தேடுவதெல்லாம் பிறகு.

தீப்பிடிக்காமலேயே சுடுவதும் உண்டு. 1947-ல் அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் தோல் எந்தச் சூட்டில் எவ்வளவு நேரத்தில் வெந்துபோகும் என்று அளந்தார்கள். 60 டிகிரிக்குச் சில நொடிகள் போதும். 44 டிகிரிக்குச் சுமார் ஆறு மணி நேரம். இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். 44 டிகிரி கையில் பட்டால் யாரும் துள்ள மாட்டார்கள், இதமாகக்கூட இருக்கும். ஆறு மணி நேரம் என்பது ஒரு இரவுத் தூக்கம். மே மாதத்தில் அறையே 38 டிகிரியில் இருக்கும்போது, போர்வைக்குள் சிக்கிய அடாப்டர் அந்தச் சூட்டை எட்ட எந்தப் பழுதும் தேவையில்லை. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி மங்கியவர்கள், மூத்தவர்கள், குழந்தைகள் பக்கத்தில் அது கிடக்கக் கூடாது.

எல்லோரும் மறக்கும் ஒரு அடாப்டர் வைஃபை ரூட்டருடையது. போன் சார்ஜருக்காவது பகலில் ஓய்வு உண்டு. ரூட்டர் அடாப்டர், சி.சி.டி.வி. அடாப்டர் இரண்டும் ஆண்டுக்கு 8,760 மணி நேரமும் வேலை செய்கின்றன. அவற்றிலுள்ள மின்தேக்கியின் ஆயுள் பெரும்பாலும் 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறிக்கப்பட்டிருக்கும். சூடு பத்துப் பத்து டிகிரி குறையும்போது ஆயுள் இரட்டிக்கும். காற்றோட்டமான இடத்தில் உள்ளே 65 டிகிரி என்றால் 32,000 மணி நேரம், மூன்றரை ஆண்டுக்கு மேல். டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் தூசிக்குள் புதைந்து 85 டிகிரியில் கிடந்தால் 8,000 மணி நேரம், ஓராண்டுகூட இல்லை. ரூட்டர் அடிக்கடி தானாக அணைந்து எரிந்தால் இணைய நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள்.

பெரிய கம்பெனி என்றால் தவறே நடக்காது என்று சொல்ல வரவில்லை. 2014-ல் எச்.பி. நிறுவனம் லேப்டாப்போடு கொடுத்த சுமார் 60 லட்சம் மின்கம்பிகளைத் திரும்பப் பெற்றது. கம்பி சூடாகி உருகியதாக 29 புகார்கள் வந்ததே காரணம். பெயரில்லாச் சார்ஜரில் 29,000 புகார் வந்தாலும் திரும்பப் பெற ஆள் கிடையாது. பிராண்டுக்குக் கொடுக்கும் காசில் எனக்கு உருப்படியாகத் தெரிவது இந்த ஒரு விஷயம்: பொறுப்பேற்க ஒரு முகவரி.

இந்தியாவில் பவர் அடாப்டர்கள், தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் கட்டாயப் பதிவின் கீழ் வருகின்றன. 2012-ல் வந்த ஆணையில் பின்னர் இவை சேர்க்கப்பட்டன. அடாப்டரின் மேல் ஐ.எஸ். 13252 போன்ற தர எண்ணும், ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்துக்குப் பின் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அச்சடிப்பது யாராலும் முடியும் என்பதால் எண் இருப்பது மட்டும் போதாது. ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் தயாரிப்பாளர் பெயர் வரும். பொருளின் மேல் உள்ள பெயரோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிளக், சாக்கெட் ஆகியவற்றுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 1293 என்ற எண்ணும். ஐரோப்பாவின் சி.இ. முத்திரையை நம்பி ஏமாற வேண்டாம். பெரும்பாலும் அது தயாரிப்பாளர் தானே அறிவித்துப் போட்டுக்கொள்வது. செயலியைத் திறக்கச் சோம்பலாக இருந்தால் ஒரு காந்தத்தையாவது சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். பிளக்கின் பின்னில் காந்தம் ஒட்டினால் அது பித்தளை இல்லை, முலாம் பூசிய இரும்பு.

சார்ஜரோ பாக்ஸோ புகைந்தால் கையால் பிடுங்கப் போகாதீர்கள். உருகிய கூட்டுக்குள்ளிருந்து 230 வோல்ட் எட்டிப் பார்க்கும். மெயினை அணையுங்கள். மின்சாரம் இருக்கும்வரை தண்ணீர் ஊற்றக் கூடாது. தீ பரவினால் வெளியேறி 101 அல்லது 112. கையில் சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம். பேனா மை, பற்பசை, இட்லி மாவு, மஞ்சள் எதுவும் வேண்டாம். தீப்புண் சிகிச்சையில் மருத்துவர்கள் முதலில் செய்ய வேண்டியிருப்பது பெரும்பாலும் இவற்றைக் கழுவி எடுப்பதுதான்.

இன்னொன்று. வீட்டில் புதுச் சார்ஜர் வந்ததும் பழைய சந்தேகச் சார்ஜர் குப்பைக்குப் போவதில்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கோ, ஊரில் இருக்கும் பாட்டியின் பட்டன் போனுக்கோ போகிறது. ஆர்.சி.சி.பி. இல்லாத வீடுகளும் பெரும்பாலும் அவைதான். பதிவு எண் இல்லாத சார்ஜரை யாருக்கும் கொடுக்காதீர்கள். மீண்டும் யாரும் செருக முடியாதபடி பின்னை முறித்து, மின்னணுக் கழிவில் சேர்த்துவிடுங்கள்.